ஏலக்காய் டின்னில் இருந்த முதல் படி

டீச்சர்,

சின்னமனூரை அடுத்த நம் நடுநிலைப்பள்ளியின் தலைமையாசிரியன் இராமநாதன் எழுதுகிறேன். நோக்கம் ஒன்றே: நீங்கள் இருந்தபோது நான் வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டியதை, நீங்கள் இல்லாத இந்நாளில் எழுத்திலாவது பதிவு செய்வது.

நேற்று உங்கள் முப்பதாம் நாள் திருப்பலிக்குப் போய் வந்தேன். இன்று பிற்பகல் கணினி அறை பீரோவைப் பொருட்பட்டியலோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தபோது, கீழ்த்தட்டில் பட்டியலில் இடம்பெறாத ஒரு தகர டின் இருந்தது. மூடியைத் திறந்ததும் ஏலக்காய் மணம். உள்ளே இருந்தவை சிடிகள். ஒவ்வொன்றின் மேலும் உங்கள் சாய்ந்த கையெழுத்தில் வகுப்பும் ஒரு சனிக்கிழமைத் தேதியும். பட்டியலை மூடிவைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நம் பள்ளிக்கு மூன்று கணினிகள் வந்த ஆண்டு உங்களுக்கு நினைவிருக்கும். ஏழாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போல்டர் திறந்தீர்கள். வெள்ளிக்கிழமைதோறும் அவ்வாரம் செய்தவற்றில் ஒன்றைப் பிள்ளையே தேர்ந்தெடுக்க வேண்டும். நீங்கள் அதை உங்கள் சிறு கேமராவில் படமெடுத்து ஏற்றுவீர்கள். அதை ஏன் வைக்கிறேன் என்று பிள்ளை ஒரு வரி தட்டச்சு செய்ய வேண்டும். மின்சாரத்தை நம்ப முடியாதென்பதால் சனிக்கிழமை காலையில் வந்து எல்லாவற்றையும் சிடியில் நகலெடுத்துக்கொள்வீர்கள். இதை நீங்களாகச் செய்தீர்கள். எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. எனக்கு அதுவே உறுத்தியது. போல்டருக்கு வரிசை எண்ணே பெயராக இருக்க வேண்டும், திருத்திய இறுதிப் படி மட்டுமே இருக்க வேண்டும் என்று ஆறு விதிகள் எழுதி உங்கள் மேசையில் வைத்தேன். நீங்கள் ஆறையும் பொறுமையாகப் படித்தீர்கள்.

"விதி ஆறு, கம்ப்யூட்டர் மூணு சார். அதுலயும் ஒண்ணுக்கு மவுஸ் இல்ல" என்றீர்கள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பிள்ளை தப்பா எழுதுனதும் பிள்ளை எழுதுனதுதான சார்?" என்று கேட்டீர்கள்.

ஆய்வுக்கு அலுவலர் வரப்போகும் செய்தி வந்த வாரம், நீங்கள் விடுப்பில் இருந்த ஒரு நாள், நான் அந்த அறையில் அமர்ந்தேன். போல்டர் போல்டராகத் திறந்து, பிழையுள்ள படிகள் அனைத்தையும் அழித்தேன். ஏழாம் வகுப்புச் செல்வராணியின் போல்டரில் அவளுடைய திராட்சைக் கட்டுரை மூன்று படிகளாக இருந்தது. கிளைகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்த பந்தலில் கொடியின் வெட்டுவாயிலிருந்து நீர் சொட்டுவதைப் பார்த்து, முதல் படியில் "கொடி அழுகிறது" என்று எழுதியிருந்தாள். அறிவியலுக்குப் பொருந்தாத வாக்கியம் என்று அதையும் அழித்தேன். இரண்டாம் படியையும் அழித்தேன். எதையும் முறையாக முடிப்பது என் வழக்கம் ஆதலால், கணினியின் குப்பைத்தொட்டியையும் காலி செய்தேன்.

நீங்கள் அதைக் கண்டுபிடிக்குமுன் வேறொன்று நடந்தது. வட்டார அளவிலான கட்டுரைப் போட்டிக்குச் சென்ற அவளது இறுதிப் படியை நடுவர்கள் ஐயத்தோடு திருப்பி அனுப்பினார்கள். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தாகத் தெரியவில்லை, பெரியவர் யாரோ எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், மறுப்பதானால் மூன்று நாளில் சான்று தருக என்று கடிதம். அவளிடம் இருந்த நோட்டை அவள் அம்மா பழைய தாள்களோடு அடுப்பெரிக்கப் போட்டுவிட்டிருந்தார். அந்த அம்மா திராட்சைத் தோட்டத்துக் கூலி வேலையிலிருந்து நேரே வந்து நம் வாசலில் நின்றார்.

"டீச்சர் வரச் சொன்னாக, வந்தேன். எங்க வீட்டுல யாரு சார் எழுதிக் குடுப்பா? நான் கைநாட்டு" என்றார். மகளைப் பார்க்காமலேயே அடுத்ததைச் சொன்னார்: "களவாணிப் பட்டம் வாங்கவா பள்ளிக்கூடம் வரணும்? நாளையிலருந்து எங்கூடத் தோட்டத்துக்கு வரட்டும்."

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். கணினியைத் திறந்து போல்டரைப் பார்த்தீர்கள். மீண்டும் என்னைப் பார்த்தீர்கள். அந்த இரண்டாம் பார்வையில் உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சட்டைப்பையிலிருந்த பேனாவை எடுத்து மறுபடியும் அதே இடத்தில் செருகினேன். நீங்கள் பீரோவைத் திறந்து இந்த டின்னை எடுத்தீர்கள்.

மூன்று சனிக்கிழமைகளின் சிடிகளில் மூன்று படிகளும் இருந்தன. முதல் படியில் கொடி அழுதது. அடித்தலும் எழுத்துப்பிழையும் நிறைந்த பக்கம். இரண்டாம் படியில் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை சொட்டு என்று எண்ணியிருந்தாள். கடைசியில், வேர் நீரை மேலே அனுப்புகிறது, வெட்டிய இடம் ஆறும்வரை அது கசிகிறது என்று எழுதியிருந்தாள். முதல் படியின் கீழே அவள் தட்டச்சு செய்த வரி: "எங்கம்மா அழுகுதுன்னுதான் சொல்லும். அதான் வச்சேன்."

சான்றைப் பார்க்கப் பள்ளிக்கு வந்த நடுவர்களில் மூத்தவர் அந்த வரியை இரண்டு முறை வாசித்துவிட்டு ஐயத்தைத் திரும்பப் பெற்றார். பரிசு வேறொரு பள்ளிக்குப் போயிற்று. அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. செல்வராணி மறுநாள் பள்ளிக்கு வந்தாள். ஆனால் அன்று கிளம்புமுன் அந்த மூத்த நடுவர் ஒன்று கேட்டார்: பள்ளிக் கணினியிலேயே இவை ஏன் இல்லை? நான் ஓரடி தள்ளி நின்றிருந்தேன். "கரண்டு போய்ப் போய் வந்துச்சு சார், அதுல போயிருச்சு" என்றீர்கள். நான் மறுக்கவில்லை.

அன்று மாலை சைக்கிள் நிறுத்துமிடத்தில், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். அதற்கு நீங்கள் சொன்னதை இரண்டு ஆண்டுகளாகச் சுமக்கிறேன்.

"உங்க பேருல போல்டர் இல்லையே சார். இருந்தா இந்தத் தப்பையும் அங்கன போட்டிருப்பேன்."

ஏளனம் இல்லாமல் சொன்னீர்கள். அடுத்த வாரமே நான் விதிகளைத் திருத்தினேன்: எந்தப் படியும் அழிக்கப்படக் கூடாது. ஆசிரியர் கூட்டத்தில் அதை வாசித்தபோது எல்லோரும் என் தொலைநோக்கைப் பாராட்டினார்கள். நீங்களும் கைதட்டினீர்கள். விதி பிறந்த காரணத்தை நான் சொல்லவில்லை; நீங்களும் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. நன்றி என்ற சொல்லை மருத்துவமனையில் உங்கள் கட்டிலருகில் சொல்லத்தான் வந்தேன். வகுப்பு எப்படி நடக்கிறது என்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்; நான் வருகைப்பதிவைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். அந்த நன்றியை இன்று இங்கே, காலந்தாழ்த்தி, எழுதுகிறேன்.

நான் இனிச் செய்யப்போவது இது. திங்கட்கிழமை ஆசிரியர் கூட்டத்தில், அந்தப் படிகளை மின்சாரம் அழிக்கவில்லை, நான் அழித்தேன் என்று சொல்வேன். கூட்டக் குறிப்பேட்டிலும் என் கையால் எழுதிக் கையொப்பமிடுவேன். டின்னைப் பொருட்பட்டியலில் உங்கள் பெயரோடு சேர்ப்பேன். பிறகு அந்த மவுஸ் இல்லாத கணினிக்கு ஒரு மவுஸ் வாங்கிப் பொருத்தி, அதில் என் பெயரில் ஒரு போல்டர் திறப்பேன். அதில் முதலில் ஏறப்போவது இம்மடலின் முதல் படி. நான்கு இடங்களில் அடித்தல் இருக்கிறது, திருத்தி எழுதப்போவதில்லை. கீழே, பிள்ளைகளைப் போலவே, ஏன் வைக்கிறேன் என்று ஒரு வரி எழுதுவேன்: "தப்பாகச் செய்ததும் நான் செய்ததுதான்."