மெமரி கார்டும் மாமாவின் நாற்காலியும்

மே 11, ஞாயிறு

டீச்சரின் மெஷினை முழுசாகப் பிரித்தாயிற்று. மேஜை மேல் பழைய போர்வை, அதன் மேல் ஸ்க்ரூ, ஸ்பிரிங், தகடு, பற்சக்கரம் என்று ஒரு ஊரே பரந்து கிடக்கிறது.

பார்வையில்லாத பிள்ளைகளின் பள்ளியில் பாடம் நடத்துகிற டீச்சர் அவர். அவருக்கும் பார்வை கிடையாது. இது அவருடைய பிரெய்ல் டைப்ரைட்டர். ஆறு புள்ளிகளில் நாலாவது புள்ளி காகிதத்தில் விழுவதில்லை. ஒரு புள்ளி போனால் ஒரு எழுத்து வேறு எழுத்தாகிவிடுமாம். பள்ளி திறப்பதற்குள் பிள்ளைகளுக்கான முதல் பாடங்களை அடித்து முடிக்க வேண்டும். கம்பெனிக்கு அனுப்பினால் மாதக்கணக்கில் ஆகும் என்று சொல்லிவிட்டார்களாம். தையல் மெஷின் ரிப்பேர் செய்கிற என்னிடம் கொண்டுவந்தார். "நான் பாத்துத் தர்றேன் டீச்சர்" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். இந்த ஜாதி மெஷினுக்குள் இதுவரை எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

அதற்காக நான் அசடு இல்லை. எதைக் கழற்றினாலும் கழற்றுவதற்கு முன் ஒரு படம், கழற்றிய பின் ஒரு படம். பின்னாலிருந்து முன்னால் பார்த்துக்கொண்டே பூட்டிவிடலாம். என் போனில் கிட்டத்துப் படம் மங்கலாக வருகிறது என்று வீட்டுக்காரரின் பழைய கேமராவை எடுத்தேன். ஆன் செய்யும்போதெல்லாம் "தேதி, நேரம்?" என்று கேட்கும். அதனுள்ளே இருக்கிற குட்டி பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. நான் ஒவ்வொரு முறையும் கேன்சல் அமுக்கிவிடுவேன். சார்ஜும் நிற்காது, அதனால் ஒரு படத்துக்கு ஒரு ஆன், ஒரு ஆஃப். நடுவில் கார்டு நிறைந்துவிட்டது. பழைய படங்களை அங்கொன்றும் இங்கொன்றுமாக அழித்து இடம் பண்ணிக்கொண்டேன்.

மாமா இன்றைக்கும் நகரவில்லை. வீட்டுக்காரரின் அப்பா. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அத்தை போனபின் எங்களோடு வந்து இருக்கிறார். வந்த நாளிலிருந்து அந்த ஜன்னலோர நாற்காலி அவருடையது. வீட்டில் நல்ல வெளிச்சம் வருவது அந்த ஒரே ஜன்னலில்தான்.

"மாமா, கொஞ்சம் அந்தப் பக்கம் உக்காந்துக்கறீங்களா? வெளிச்சம் மறைக்குது."

"எனக்கும் இங்கதாம்மா வெளிச்சம்."

சொல்லிவிட்டுப் பேப்பரைத் திருப்பினார். எந்தக் கோணத்தில் எடுத்தாலும் அவர் முழங்கையும் பேப்பரும் படத்தின் ஓரத்தில் வந்து நிற்கின்றன. எரிச்சல்.

மே 12, திங்கள்

ஐயோ. போச்சு. எல்லாம் போச்சு.

படங்களைக் கம்ப்யூட்டரில் பெரிதாகப் பார்க்கலாம் என்று கார்டை உருவினேன். கேமராவில் அந்தச் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் உருவினேன்! என்ன அவசரம் எனக்கு? கம்ப்யூட்டரில் போட்டால், இந்தக் கார்டைப் பயன்படுத்த வேண்டுமானால் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யட்டுமா என்று கேட்கிறது. திரும்பக் கேமராவில் போட்டால் படமே இல்லை என்கிறது.

வீட்டுக்காரர் பின்னாலிருந்து, "சரின்னு குடுத்துத்தான் பாரேன்" என்று மவுஸுக்குக் கை நீட்டினார். அந்தக் கையில் பட்டென்று ஒன்று வைத்தேன். ஏன் அடித்தேன் என்று எனக்கே தெரியாது. கோபித்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார்.

மே 13, செவ்வாய்

அழிரப்பரால் கார்டின் பித்தளைக் கோடுகளைத் துடைத்தேன். பக்கத்து வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டேன். வேறு கார்டு ரீடர் வாங்கிப் போட்டேன். கிணற்றில் போட்ட கல்.

மே 14, புதன்

டீச்சர் போன் பண்ணினார். வேலை நடக்கிறது என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். நாக்கு வரை வந்தது. சொல்ல வரவில்லை. உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டேன். மெஷின் அக்குவேறு ஆணிவேறாகக் கிடக்கிறது, படங்கள் போய்விட்டன, எப்படிப் பூட்டுவது என்று தெரியவில்லை.

"பதறாதீங்கம்மா. பதறினீங்கன்னா ஸ்பிரிங் எங்கயாவது பறந்துடும். அப்புறம் படம் கிடைச்சும் பிரயோஜனம் இல்ல" என்றார்.

அது அவருக்குச் சோறு போடுகிற மெஷின். அவர் எனக்குத் தைரியம் சொல்கிறார். போனை வைத்துவிட்டு ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் தனித்தனிக் கிண்ணத்தில் போட்டு மூடினேன். அந்த அம்மாள் நன்றாக இருக்க வேண்டும்.

மே 15, வியாழன்

மார்க்கெட் பக்கம் ஒரு போன் கடை, அதன் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. கெட்டுப்போன கார்டுகளிலிருந்து படம் எடுத்துத் தருகிறவர் இருக்கிறார். எல்லாரும் கார்டு டாக்டர் என்கிறார்கள். நிஜ டாக்டர் மாதிரியே முதலில் கேள்விதான்.

"கெட்டதுக்கப்புறம் இதுல புதுசா ஏதாவது படம் எடுத்தீங்களா?"

"இல்லைங்க."

"ஃபார்மேட்?"

"வீட்டுக்காரர் பண்ணப் போனாரு. கையில ஒண்ணு போட்டேன்."

"நல்ல அடி" என்று சிரித்தார். "புதுசா எழுதியிருந்தா பழசு மேல உக்காந்திருக்கும். அப்ப என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

கார்டின் ஓரத்தில் இருந்த குட்டிப் பூட்டுப் பொத்தானை நகத்தால் கீழே தள்ளினார். இனி அதில் எதுவும் எழுதப்படாதாம். அப்புறம் கார்டை அப்படியே முழுசாக ஒரு பிரதி எடுத்துக்கொண்டு, அசலைக் கவருக்குள் போட்டு ஒட்டிவிட்டார். வேலையெல்லாம் பிரதி மேல்தான். படங்கள் உள்ளேதான் இருக்கும், எந்தப் படம் எங்கே என்று சொல்கிற அட்டவணைதான் குலைந்திருக்கும் என்றார். எனக்கு அங்கேயே பாதி உயிர் வந்துவிட்டது. சாயங்காலம் வீட்டுக்காரரிடம் அடிக்கு மன்னிப்பும் கேட்டேன், அது நல்ல அடி என்று டாக்டர் சொன்னதையும் சொன்னேன். "ரெண்டுல ஒண்ணைச் சொல்லு" என்றார்.

மே 17, சனி

படங்கள் வந்துவிட்டன! அநேகமாக எல்லாம். சிலது மட்டும் மேல் பாதி படம், கீழ் பாதி வெறும் சாம்பல் நிறம்.

ஆனால் வரிசை இல்லை. பழைய பெயர்கள் போய்விட்டன. நான் அங்கங்கே அழித்து இடம் பண்ணினேன் அல்லவா, கிடைத்த சந்தில் எல்லாம் படங்கள் போய் உட்கார்ந்திருக்கின்றன. சீட்டுக்கட்டைக் குலுக்கின மாதிரி இருக்கிறது.

"படத்துக்குள்ளயே எடுத்த தேதி, நேரம் இருக்கும்மா, அதை வெச்சு அடுக்கிடலாம்" என்று கார்டு டாக்டர் உற்சாகமாகத் திறந்தார். எல்லாப் படத்திலும் ஜனவரி ஒன்று. எல்லாப் படத்திலும் நடுராத்திரி.

"கேமரா தேதி கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தினமும் தேதி போட்டு டைரி எழுதுகிறவள் நான்.

மே 18, ஞாயிறு

காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால். இந்தத் தகடு முதலா, அந்த ஸ்பிரிங் முதலா? குத்துமதிப்பாகப் பூட்டிப் பார்த்தேன். காகிதத்தில் புள்ளி குத்திக்கொண்டே நகர்கிற எழுத்துத் தலை பாதி வழியில் நின்றுவிட்டது. திரும்பக் கழற்றினேன். இன்னொரு வரிசையில் பூட்டினேன். பட்டனே அமுங்கவில்லை. பலமாக அமுக்கப் பயம். ஏதாவது வளைந்துவிட்டால் டீச்சர் முகத்தில் எப்படி முழிப்பேன்? சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

வெளியே வந்தால் மாமா கம்ப்யூட்டர் முன்னால் குனிந்து நிற்கிறார்.

"இது பன்னெண்டு மணி வாக்குல எடுத்தது."

"எதை வெச்சுச் சொல்றீங்க?"

"மெத்தை விளம்பரம் தெரியுது பாரு. எட்டாம் பக்கம்."

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. படத்தின் ஓரத்தில் அவர் முழங்கை, அதற்கு மேல் பேப்பர். ஒவ்வொரு படத்திலும்! மாமா பேப்பர் படிக்கிற அழகு ஊருக்கே தெரியும். முதல் பக்கத்தில் ஆரம்பித்தால் டெண்டர் அறிவிப்பு, காணவில்லை அறிவிப்பு எதையும் விடமாட்டார். ஒரு பக்கம் தாண்டிப் போகமாட்டார், திரும்பி வரவும் மாட்டார். டிப்போவில் பஸ்ஸை விட்ட மாதிரிதான், ஒன்றன்பின் ஒன்றாக.

பரணுக்குக் கீழே அடுக்கியிருந்த பேப்பர் கட்டிலிருந்து போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரை உருவிக்கொண்டு வந்தார். நான் படத்தைக் காட்ட, அவர் பக்கம் சொல்ல. "இது அரசியல். மூணு." "இது தலையங்கம். நீ அப்பதான் மூடியக் கழட்டிட்டு தண்ணி குடிக்கப் போன." "இது கல்யாண விளம்பரம். பத்து. இதுக்கு நெறைய நேரம் ஆகும்."

"கல்யாண விளம்பரம் உங்களுக்கு எதுக்கு மாமா?"

"அச்சடிச்சிருக்கான்ல?"

சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. இந்த வீட்டில் நானும் அவரும் சேர்ந்து சிரித்தது எப்போது என்று யோசித்தேன். ஞாபகத்தில் ஒன்றும் வரவில்லை. அன்றைக்கு அவர் என் பேச்சைக் கேட்டு நகர்ந்திருந்தால் என் கதி என்ன?

மே 19, திங்கள்

கடைசிப் படங்களில் வந்து மாட்டிக்கொண்டோம். மெஷினின் அடிவயிற்றுப் படங்கள். புள்ளி குத்துகிற ஊசிகள், அவற்றின் ஸ்பிரிங்குகள். பூட்டும்போது இவற்றில்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்தப் படங்கள் எல்லாவற்றிலும் பேப்பர் ஒரே பக்கத்தில் நிற்கிறது. விளையாட்டுப் பக்கம்.

"ஏன் மாமா, இதுல மட்டும் இவ்வளவு நேரம்? அன்னிக்கு அப்படி என்ன மேட்ச்?"

மாமா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்கல."

"பின்ன?"

"நீ வேலை செய்யறதைப் பாத்துக்கிட்டிருந்தேன்." பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "நல்லா இருந்துச்சு" என்றார்.

அப்புறம் அவரே நாற்காலியைக் கம்ப்யூட்டர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். ஒவ்வொரு படமாக விரலால் தொட்டுச் சொன்னார். "இது முதல். அப்புறம் இது. இந்தச் சின்ன ஸ்பிரிங் தெறிச்சு என் கால்கிட்ட வந்து விழுந்தது. எடுத்துக் குடுத்தேன். நீ நிமிர்ந்துகூடப் பாக்கல, கையை மட்டும் நீட்டின."

இருக்கவே இருக்காது என்று சொல்ல வாயெடுத்தேன். அடுத்த படத்தில், பாதி சாம்பலாகிப் போனதில், மேலே மீதி இருந்த ஓரத்தில் அவர் கை தெரிகிறது. நடுவில் அந்த ஸ்பிரிங்.

"தேங்க்ஸ் மாமா" என்றேன். ஒரு வாரம் தாமதம்.

"ம்" என்றார். டிப்போக்காரர், தாமதத்தைக் குறித்துக்கொண்டிருப்பார்.

மே 22, வியாழன்

நாலாவது ஊசியின் நுனியில் பிசிறு. அதுதான் சிக்கியிருக்கிறது. தேய்த்துச் சரி செய்தேன். அடிவயிறு பூட்டியாயிற்று. மாமா டார்ச் பிடித்தார்.

மே 24, சனி

ஓடுகிறது! வரிக் கடைசியில் மணிகூட அடிக்கிறது. வேண்டுமென்றே அந்த மணியை எத்தனை தடவை அடித்தேன் என்று கேட்காதே.

மே 25, ஞாயிறு

டீச்சர் வந்தார். மெஷினை முதலில் தடவிப் பார்த்தார், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளையைப் பார்க்கிற மாதிரி. காகிதத்தை ஏற்றி ஒரு வரி அடித்தார். விரலால் படித்தார். திரும்ப ஒரு முறை படித்தார்.

"நாலு இருக்கு" என்றார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்கும்தான், எனக்கும்தான்.

பிறகு தலையைச் சாய்த்துக் கேட்டார். "அங்க யாரு பேப்பர் படிக்கறது?"

சொன்னேன். கார்டு, கேமரா, மெத்தை விளம்பரம், எல்லாவற்றையும் சொன்னேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். அப்படியே இன்னொரு வரி அடித்து, காகிதத்தை உருவி, பேப்பர் சத்தம் வந்த திசையில் நீட்டினார்.

"உங்களுக்குங்கய்யா. என் பிள்ளைங்க சார்புல."

மாமா எழுந்து வந்து இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதை மடித்தால் புள்ளிகள் அமுங்கிவிடும் என்று டீச்சர் சொன்னதால், இப்போது அது அத்தையின் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் இருக்கிறது. சாயங்காலம் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 7, சனி

கார்டு டாக்டர் கேமராவுக்குள் புதுக் குட்டி பேட்டரி போட்டுக் கொடுத்தார். ஆன் செய்ததும் "தேதி, நேரம்?" என்றது. மாமாவிடம் நீட்டினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்து நிமிஷம் வரை சரியாக வைத்துக் கொடுத்தார். அவசரப்பட்டு உருவாதே, அந்த விளக்கு அணையட்டும் என்று புத்திமதி வேறு.

ஜூன் 8, ஞாயிறு

டீச்சரின் பள்ளியிலிருந்து இன்னொரு மெஷின் வந்திருக்கிறது. இதில் எழுத்துத் தலை நகரவில்லை. போர்வையை விரித்து, கிண்ணங்களை எடுத்து வைத்தேன்.

மாமா பேப்பரோடு வந்து நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றார். "வெளிச்சம் மறைக்குதுன்னா சொல்லு, நான் அந்தப் பக்கம் போறேன்" என்றார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை.

"வேண்டாம் மாமா. அங்கயே உக்காருங்க."

உட்கார்ந்தார். மேல் மூடியைக் கழற்றினேன், படம் எடுத்தேன். இப்போது மணி பன்னிரண்டாகப் போகிறது. பேப்பர் இன்னும் முதல் பக்கத்திலேயே இருக்கிறது.