மிஷினுக்குப் போன குட்டைச் செண்டுமல்லி

அக்கா,

நேற்று ஆயுத பூஜை. உங்கள் மகன் பொரியும் சுண்டலும் கொண்டுவந்தான். அவன் கையெல்லாம் செண்டுமல்லி வாசம். என் மதில்மேல் இருந்த செடிகளைப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏனுங்க சின்னம்மா, முன்னெல்லாம் சாணுயரத்துல குண்டு குண்டாப் பூக்குமே, அது எங்கீங்க? நம்ம மொத நிட்டிங் மிஷினுக்கு அம்மா அதுலதான மாலை கட்டுச்சு!"

பொரித் தட்டு வைத்த இடத்திலேயே இருக்கிறது.

வேலம்பாளையத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் மதில்தான் என் தோட்டம். வேறெங்கும் வெயில் விழாது. உயரச் செடி வைத்தால் ஆடிக்காற்று தொட்டியோடு தள்ளிவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் உள்ளதிலேயே குட்டையான செடியில் மட்டும் விதை எடுத்தேன். யாரும் சொல்லித் தரவில்லை. பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்த கண், பழுதைக் கழிப்பது பழக்கம். ஆறாவது வருடம் எல்லாச் செடிகளும் சாணுயரத்தில் நின்றன.

ரெண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு புரட்டாசியில், மகள் பேறுகாலத்துக்குச் சேவூர் போனேன். "பூவைப் பறிச்சறாதீங்கக்கா, விதைக்கு வேணும், செடியிலயே காயட்டும்" என்றேன்.

"உன்ற செடிய நா தொடுவனா கண்ணு? போய்ட்டு வா" என்றீர்கள்.

திரும்பியபோது செடிகள் இல்லை. காய்ந்ததும் பிடுங்கிவிட்டதாகச் சொல்லி, பனியன் துணியில் முடிந்த விதையைக் கையில் வைத்தீர்கள். விதையை மிச்சம் வைக்கும் வழக்கம் எனக்கில்லை. அந்த முடிச்சுதான் எல்லாம்.

முளைத்தது இடுப்புயரம் போயிற்று. தொட்டிகள் ஒவ்வொன்றாய் விழுந்து உடைந்தன. "உன்ற கைராசி மாறிப்போச்சாட்ட இருக்குது கண்ணு" என்றீர்கள். நம்பினேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அது உங்களுக்கும் தெரியும். மகனுடைய முதல் மிஷினுக்காகப் பறித்ததைக்கூட விடுங்கள். எந்தப் பூக்கடைப் பூவையோ உலர்த்தி என் விதை என்று கொடுத்தீர்களே. என் கையையே நான் சந்தேகப்பட்டு நின்றதை, மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்தீர்களே. உங்களைப் பாடையில் தூக்கிய அன்று மதிலில் ஒரு பூ மிச்சமில்லாமல் பறித்து உங்கள்மேல் போட்டேன், அக்கா.

அந்த இடுப்புயரத்திலும் குட்டையானதைப் பொறுக்கிப் பொறுக்கி முழங்காலுக்கு இறக்கியிருக்கிறேன். என் தப்பைத் திருத்துவதாகவே நேற்றுவரை நினைத்திருந்தேன்.

இன்று காலை உள்ளதிலேயே குட்டையான செடியில் இரண்டு பூக்களை விதைக்குக் காய விட்டேன். சாணுக்கு வந்துவிடும். வந்தாலும் உங்கள் வீட்டு மிஷினுக்கு ஒரு பூ கிடையாது.