தலை இடிக்கும் விளக்கு

கதவைத் திறந்ததும் வார்னிஷ் நெடி மூக்கில் ஏறியது. வெள்ளையடிக்க வந்த பெயிண்டரிடம் சொல்லி, நீங்கள் செய்த மர விளக்கையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவைத்திருக்கிறார் வீட்டுக்கார அக்கா. "ஒரு மூலை அழுக்கா இருந்துச்சு கண்ணு, அதான் சேத்தி அடிக்கச் சொல்லிட்டேன்" என்றார். நல்ல மனசோடுதான் செய்திருக்கிறார். நான் என்னவென்று சொல்லி அழ?

அது அழுக்கில்லை. உங்கள் தலை எண்ணெய்.

அந்தத் தொங்கு விளக்கைக் கடையில் வாங்கி வந்த அன்று, பச்சை பிளாஸ்டிக் மூடியைப் பார்த்துவிட்டு, இது வீடா பரோட்டாக் கடையா என்று கேட்டேன். நீங்கள் கம்பெனிக்குப் புது நிட்டிங் மெஷின் வந்த பெட்டியின் பலகைகளைக் கேட்டு வாங்கி, நெருப்பெரிச்சல் ஊரிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தீர்கள். மூடியைக் கழற்றி எறிந்துவிட்டு, பல்பைச் சுற்றிப் பலகையில் சட்டம் அடித்தீர்கள்.

மாட்டும்போதுதான் கூத்து. இருவருக்குமே பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. பனியனில் கறையும் ஓட்டையும் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, டேபிளுக்கு மேல் தொங்கும் அந்த உயரம்தான் விளக்கின் உயரம். அதே அளவில் வீட்டு நடுவில் மாட்டினோம். கம்பெனியில் கீழே டேபிள் இருக்கிறது, யாரும் விளக்குக்கடியில் நடப்பதில்லை என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

எனக்கு இடிக்காது, நான் குள்ளச்சி. உங்களுக்குத் தினமும் இடி. ஏற்றிக் கட்டுங்கள் என்றால், "நீ 'தல, தல'ன்னு கத்துறதக் கேக்கணும்லா புள்ள, இருக்கட்டும்" என்பீர்கள். இடித்து இடித்துத்தான் அந்த மூலை கறுத்தது.

அவிநாசிபாளையத்தில் சிநேகிதர் வீட்டு விசேஷத்துக்குப் போன உங்களை வழியில் லாரி அடித்தது. உடம்பில் வேறெங்கும் காயமில்லை, தலையில் மட்டும்தான் என்றார்கள். வீட்டுக்குள் அத்தனை கத்தியவள் அந்த ரோட்டில் இல்லாமல் போனேனே. அதற்குப் பிறகு எந்தச் சாமியையும் நான் கும்பிடவில்லை.

வேலை விட்டு வந்ததும் ஸ்டூல் போட்டு ஏறி, அந்த மூலையில் மூக்கை வைத்துக்கொண்டு நிற்பேன். தேங்காய் எண்ணெயும் வியர்வையும் இன்னும் கொஞ்சம் இருந்தது. உங்கள் சட்டைகளை யாரோ துவைத்து மடித்துவிட்டார்கள். இது ஒன்றுதான் மிச்சம் என்றிருந்தேன்.

சற்றுமுன் வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம் கேட்டது. திரும்பாமலே "தல, தல" என்றேன். குழம்புக் கிண்ணத்தோடு வீட்டுக்கார அக்கா நின்றார்.

"எனக்கெல்லாம் இடிக்காது கண்ணு" என்றார்.

அந்த வார்த்தை மட்டும் என் வாயில் இருக்கிறது. கேட்டுக் குனிய ஆளில்லை.