சுகந்தி மூன்று தடவை முங்கினாள்

12-8-85, திங்கள்

காலையிலிருந்து தூறல். துவைத்தது ஒன்றும் காயவில்லை. சின்னவள் ராணியின் சட்டையை அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தினேன், புகை நாற்றம்.

சாயங்காலம் குடும்ப மாலை. மெட்ராஸில் எங்கள் மார்மன் சபை வீடுகளில் எல்லாம் திங்கட்கிழமை இதுதான் நடக்கும். ஜெபம், பாட்டு, பாடம், தின்ன ஏதாவது. இந்த ஜவ்வாது மலையில் நாங்கள் ஒரே வீடு, ஆனாலும் விடுவதில்லை.

அடுத்த மாதம் சுகந்திக்கு எட்டு முடிகிறது. எட்டு முடிந்தால் ஞானஸ்நானம். தகப்பன் ஒழுங்காக நடப்பவராக இருந்தால் அவரே தண்ணீரில் இறங்கிக் கொடுக்கலாம். அதற்கு முன் சபையின் மெட்ராஸ் கிளைத் தலைவர் பிள்ளையைக் கேள்வி கேட்பார். இன்று அதற்கு ஒத்திகை. ஒத்திகையில் என் வீட்டுக்காரர்தான் கிளைத் தலைவர்.

"டீ, காபி குடிப்பியா?"

"மாட்டேன்."

"பொய் சொல்வியா?"

"மாட்டேன். ராணிகிட்ட மட்டும் எப்பவாச்சும்."

சிரித்தோம். பிறகு அவள் நாற்காலியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இப்ப நான் கேக்கறேன், நீங்க சொல்லுங்கப்பா. டீ குடிப்பீங்களா?" என்றாள்.

இவர் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தார். "இன்னிக்கும் குடிச்சேன். வெள்ளிக்கெழமயும்" என்றார்.

போளூரில் ஜூன் மாதம் நடந்த வாத்தியார் பயிற்சியில், இவர் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியர் வாங்கிக் கொடுத்து ஆரம்பித்ததாம். இப்போது தினம் பதினோரு மணிக்குத் தலைமை ஆசிரியர் அறையில். ஐந்து வருடம் தொடாத மனிதர்.

பாயைச் சுருட்டிவிட்டு எழுந்துவிட்டேன். பாட்டும் இல்லை, பாடமும் இல்லை. சுண்டல் பிள்ளைகளுக்கு மட்டும்.

13-8, செவ்வாய்

கோபம் ஆறவில்லை. சாராயம் குடித்திருந்தால் ஊரே என் பக்கம் பேசும். டீ குடித்துவிட்டார் என்று யாரிடம் போய் அழுவது? கண்ணமங்கலத்தில் இருக்கும் இவர் அண்ணனிடம் சொன்னால் வயிறு வலிக்கச் சிரிப்பார். ஆனால் வாக்கு வாக்குதானே. சபையில் சேர்ந்தபோது டீ, காபி, சாராயம் தொடமாட்டோம் என்று இரண்டு பேரும் சேர்ந்து கொடுத்தது.

மத்தியானம் சாப்பிட வந்தபோது காரணம் சொன்னார். த.ஆ. இந்த மலைக்காரர். மலை ஜனங்களில் படித்து முதலில் தலைமை ஆசிரியர் ஆனவர். "நான் கீழ இருந்து வந்தவன். அவரு கையால குடுக்கறத வேணான்னா, சாதி பாக்கறான்னு நெனப்பாரு. மொத நாள் அதுக்குத்தான் குடிச்சேன்."

"ரெண்டாம் நாள்?"

"நல்லா இருந்திச்சு" என்றார்.

உண்மையைச் சொல்கிற வாயை என்ன செய்வது. திரும்பி நின்று சிரித்துக்கொண்டேன், காட்டிக்கொள்ளவில்லை.

கிளைத் தலைவருக்கு (கி.த.) நான் எழுதுகிறேன் என்றேன். நானே எழுதுகிறேன் என்று இன்லண்டு லெட்டரை வாங்கிக்கொண்டார். படிக்கக் கொடுக்கவில்லை.

சுகந்தி கேட்டாள்: "அப்பா இல்லன்னா வேற யாரு என்ன முக்குவாங்க?" வேற யாரும் வேண்டாம், அப்பாதான் என்று சொல்லிவிட்டேன். யோசிக்காமல் சொன்னது. சொன்னது சொன்னதுதான்.

24-8, சனி

பதில் வந்துவிட்டது. அடுப்பில் சாமை குழைந்துவிட்டது, பரவாயில்லை.

கி.த. எழுதியிருப்பது: உண்மையைச் சொன்னதற்கு நன்றி. தான் வந்து பார்க்கும்வரை இவர் ஞாயிற்றுக்கிழமை வீட்டு ஆராதனையில் அப்பம் ஆசீர்வதித்துக் கொடுக்க வேண்டாம். செப்டம்பர் 13 தானும் இன்னொரு சபைச் சகோதரரும் வருகிறார்கள், சாட்சிக்கு இரண்டு பேர் வேண்டுமே. அன்று இவரையும் கேட்பாராம், பிள்ளையையும் கேட்பாராம். அதற்குள் மறுபடி தொட்டிருந்தால் சுகந்தியை மெட்ராஸுக்குக் கூட்டி வரவேண்டும், அங்கே வேறு ஒருவர் கொடுப்பார்.

வேறு ஒருவர். அந்த வரியை நாலு தடவை படித்தேன்.

இன்றோடு இவர் டீயை விட்டுப் பன்னிரண்டு நாள். த.ஆ. முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

1-9, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு, உபவாசம். இரண்டு வேளை ஒன்றும் இல்லை. அப்பமும் இல்லை. பாட்டு மூன்று பாடினோம், ராணி ஒரே பாட்டை ஐந்து தடவை.

ஜெபத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. டீயை வேண்டாம் என்பது ஒரு வேலை. த.ஆ. மனது புண்படாமல் இருப்பது வேறு வேலை. முதல் வேலை இவருடையது. இரண்டாவதை நான் செய்யலாம்.

4-9, புதன்

நேற்று சுகந்திக்கு எட்டு முடிந்தது. இன்று த.ஆ.வையும் அவர் வீட்டுக்காரியையும் சாப்பிடக் கூப்பிட்டோம். வரமாட்டார் என்று இவர் பந்தயம் கட்டினார். வந்தார்.

சாமைச் சோறு, கொள்ளுக் குழம்பு, முட்டை. பாய் போட்டு எல்லாரும் ஒரே வரிசை. த.ஆ. பக்கத்தில் இவர். சொம்பில் தண்ணீர் எடுத்து த.ஆ. முதலில் குடித்தார், இவர் அதே சொம்பை வாங்கிக் குடித்தார். த.ஆ. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அப்ப டீயில இன்னா வாத்தியாரே கோவம்?"

"உங்க மேல இல்ல சார். எங்க சாமிகிட்ட சொல்லி வுட்டது. என் பொண்டாட்டி கையாலயும் குடிக்க மாட்டேன்."

"இத மொத நாளே சொல்றதுக்கு இன்னா? ரெண்டு மாசமா என் டீத்தூளு இல்ல போச்சு."

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜெயித்துவிட்டோம். த.ஆ.வின் மனைவி இரண்டு தடவை குழம்பு வாங்கிக்கொண்டார்.

8-9, ஞாயிறு

நேற்று சுகந்திக்கு வெள்ளைப் பாவாடை சட்டை தைத்து முடித்தேன். ஞானஸ்நானத்துக்கு வெள்ளைதான். இவருடைய பழைய வேட்டியை வெட்டித் தைத்தேன். வளரும் பிள்ளை என்று பாவாடையைத் தாராளமாகவே விட்டேன்.

பக்கத்து வீட்டுக் காவேரி விறகோடு வந்தவள் நின்றுவிட்டாள். "பச்சப்புள்ளைக்கு வெள்ளத்துணியா? வூட்டுல யாருக்கு இன்னா ஆச்சு?"

ஒன்றும் ஆகவில்லை, நல்ல காரியம் என்றேன். நம்பவில்லை. "மடுவுல முக்கப்போறீங்களாமே. நானும் வர்றேன். புள்ளைக்கி ஒண்ணு ஆச்சுன்னா இழுத்துப்போட ஆள் வோணும் இல்ல."

13-9, வெள்ளி

போளூர் பஸ்ஸில் கி.த.வும் சகோதரரும். சகோதரருக்கு வளைவு வளைவாக வாந்தி. சுக்கு வெல்லத் தண்ணீர் கொடுத்தேன்.

முதலில் சுகந்தியைத் தனியாகக் கேட்டார். வெளியே வந்தவள், "ராணி விஷயம் சொல்லிட்டேன்" என்றாள்.

பிறகு இவர். கதவு சாத்தியிருந்தது. நான் அரிசி களைந்தேன், களைந்த அரிசியை மறுபடி களைந்தேன். முப்பத்திரண்டு நாள். எனக்குத் தெரிந்து தொடவில்லை. எனக்குத் தெரியாமல்?

கதவு திறந்தது. கி.த. சொன்னது இவ்வளவுதான்: "சகோதரி, நாளைக்குக் காலைல எத்தன மணிக்கு வெயில் வரும்?"

இவர் பின்னால் நின்றுகொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது. நாளைக்கு மடுவில் இறங்கப்போவது இவர்தான். கேட்கத் தேவையில்லை.

14-9, சனி

எல்லாவற்றையும் எழுதவேண்டும், ஒன்றையும் விடக்கூடாது.

சாமைக் கொல்லைக்குக் கீழே இருக்கும் மடு. தண்ணீர் இவருக்கு இடுப்புக்கு மேலே, சுகந்திக்குக் கழுத்து. பனிபோல் குளிர்ச்சி. இந்தப் பக்கம் பாறையில் கி.த., அந்தப் பக்கம் சகோதரர். உடம்பில் ஒரு முடிகூட வெளியே தெரியாமல் முங்கவேண்டும், அதைப் பார்ப்பதுதான் சாட்சிகளின் வேலை. கரையில் நான், ராணி, காவேரி. சொல்லாமலே த.ஆ. துண்டோடு வந்து நின்றார்.

இவர் வலது கையைத் தூக்கி, அவள் முழுப்பெயரைச் சொல்லி, ஜெபத்தைச் சொல்லிச் சாய்த்தார். பிள்ளை உள்ளே போனாள். பாவாடை போகவில்லை. காற்று அடைத்துக்கொண்டு குடை மாதிரி மேலே நின்றது. கி.த. தலையை ஆட்டினார். இல்லை.

என் தையல். என் தாராளம்.

கரைக்கு வரச்சொல்லி, கூழாங்கல் பொறுக்கி, பாவாடை ஓரத்தில் நூலால் முடிந்தேன். பக்கத்துக்கு நாலு. காவேரியும் முடிந்தாள். மறுபடி இறங்கினார்கள். மறுபடி முழு ஜெபம். இப்போது பாவாடை அடங்கியது, கால் கட்டைவிரல் வெளியே எட்டிப்பார்த்தது. சகோதரர் கையைத் தூக்கினார். இல்லை.

சுகந்திக்கு உதடு நீலம். பல் அடித்துக்கொள்கிற சத்தம் கரைக்குக் கேட்டது. இவர் என்னைப் பார்த்தார். "போதும். நாளைக்குப் பாத்துக்கலாமா?" நானும் சரி என்று சொல்ல வாயெடுத்தேன். பெற்ற மனது.

"நாளைக்குன்னா மறுபடியும் நனையணும்" என்றாள் அவள். "இப்பவே முக்குங்கப்பா. நான் முட்டிய மடக்கிக்கறேன். என் மூக்க நீங்க புடிக்காதீங்க, நானே புடிச்சிக்கறேன்."

மூன்றாம் தடவை. இவர் குரல் நடுங்கவில்லை. தண்ணீர் அவள்மேல் மூடியது. பாவாடை இல்லை, விரல் இல்லை, முடி இல்லை. வெறும் தண்ணீர்.

கி.த. தலையை அசைக்கும் முன்னால் காவேரி முந்திக்கொண்டாள். "முங்கிடுச்சு வாத்தியாரம்மா. முழுசா முங்கிடுச்சு."

எழுந்தவள் இருமினாள், சிரித்தாள். இவர் அவளைத் தூக்கிக்கொண்டே கரையேறினார். எட்டு வயதுப் பிள்ளையை, கூழாங்கல்லோடு. நான் வாய்விட்டு அழுதேன், அதில் எனக்கு வெட்கமே இல்லை. இப்படி ஒரு சந்தோஷம் என் கல்யாணத்தன்றுகூட இல்லை.

15-9, ஞாயிறு

வெயில். சுகந்திக்கு ஜலதோஷம் மட்டும்.

தலைமேல் கைவைத்துச் சபையில் சேர்த்தார்கள். பிறகு அப்பம். ரொட்டி இங்கே ஏது, நான் சுட்ட கேழ்வரகு அடைதான். நாலு வாரம் கழித்து இவர் மண்டியிட்டு ஆசீர்வதித்தார். ஒரு வார்த்தை தப்பவில்லை.

இரண்டு மணி பஸ்ஸுக்கு முன் கி.த. படிவத்தை எடுத்து வைத்தார். பிள்ளை பெயர், பிறந்த தேதி, இடம், சாட்சிகள். கடைசிக் கட்டத்தை இவரே எழுதினார், கரும்பலகையில் எழுதுவதுபோல் பெரிதாக.

கல்யாணமாகிப் பத்து வருடத்தில் இவர் பெயரை நான் வாயால் சொன்னதில்லை, எங்கேயும் எழுதினதும் இல்லை. படிவம் மெட்ராஸ் போய்விட்டது. அதனால் அந்தக் கட்டத்தை இங்கே பிரதி எடுத்து வைக்கிறேன்.

ஞானஸ்நானம் கொடுத்தவர்: வே. தாமோதரன், தகப்பன்.