அவர் குரலுக்கு ஒப்புதல்

ஜூன் 6, சனி

கணவரின் குரலைக் கேட்கத் தாங்காமல் நான் போட்டியைக் கெடுக்கிறேன் என்று வீட்டில் பேச்சு. தவறு. விதி ஒன்பதைப் படித்துக் காட்டினேன், அவ்வளவுதான்.

மருமகளும் அவள் தோழியும் ஹேக்கத்தானில் இருக்கிறார்கள். இரண்டு நாளுக்குள் ஒரு செயலியைச் செய்து அனுப்ப வேண்டும். இவர்களுடையது மாத்திரைக்கு நேரம் சொல்லும் செயலி; மணிச் சத்தத்துக்குப் பதிலாக வீட்டு மனிதர் ஒருவரின் குரல் கேட்கும். போன வருடம் வீடியோ நீண்டுவிட்டதென்று தகுதி நீக்கம் ஆனார்கள். அதனால் இந்த முறை விதிகளைப் பார்க்க என்னைச் சேர்த்தார்கள். வேலைக்காலம் முழுக்க டெண்டர் பிரிவில் இருந்தவள். கையெழுத்தில்லாத உறைகளை எத்தனையோ ஒதுக்கியிருக்கிறேன்.

வீடியோ இப்போதும் நீளம், வெட்டச் சொன்னேன். லிங்க் இவர்கள் கம்ப்யூட்டரில் மட்டும் திறந்தது. கீழ்வீட்டுத் தையல்காரியின் போனில் பார்த்தபோதுதான் தெரிந்தது. குழுப் பட்டியலில் தோழியின் பெயரே இல்லை. “ஐயோ ஆன்ட்டி, எல்லார் பேரையும் நான்தானே பதிஞ்சேன்!” என்றாள் தோழி.

எல்லாம் சரியான பிறகு வீடியோவை மறுபடி ஓட்டினோம். கடைசியில் அவர் குரல். “என்ன, மாத்திரை போட்டாச்சா?”

அவருடைய பழைய போனிலிருந்து மருமகள் எடுத்தாளாம். என்னைக் கேட்கவில்லை.

எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பேனா கையிலேயே இருந்தது. விதிகளைப் புரட்டினேன். விதி ஒன்பது: பிறர் குரல் இருந்தால் அவருடைய எழுத்து ஒப்புதல் வேண்டும். இல்லையென்றால் தகுதி நீக்கம்.

“அத்தை, அதுதான் அத்தை இதுக்கு உயிரே.”

“ஒப்புதல் எங்கே?”

“மாமாகிட்ட எப்படி வாங்குறது?”

“அதைத்தான் நானும் கேக்கிறேன்.”

மகன் குறுக்கே வந்தான். “நீங்களே கையெழுத்துப் போடுங்கம்மா. நீங்க போட்டா அப்பா போட்ட மாதிரிதான்.”

இல்லை. என் பெயரில் அவரோ அவர் பெயரில் நானோ ஒருநாளும் கையெழுத்திட்டதில்லை.

ஜூன் 7, ஞாயிறு

போட்டி நடத்துபவர்களுக்கு எழுதிக் கேட்டேன். ஒரு பையன் போனில் கூப்பிட்டான். “பரவால்ல மேடம், அனுப்புங்க. யாரு பாக்கப்போறா?” அதை எழுதித் தாருங்கள் என்றேன். சிரித்தான். எழுத்து வரவில்லை. வாய்ப்பேச்சை நம்பி நான் எந்த உறையையும் பிரித்ததில்லை.

கணவர் குரலை எடுத்துவிட்டு, அதே கேள்வியை நான் பேச, பதிவு செய்தோம். தோழிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “ஆன்ட்டி, மாத்திரை போட்டாச்சான்னு கேக்குறீங்களா, விளக்கம் கேட்டு மெமோ குடுக்குறீங்களா?” எனக்கும் சிரிப்பு வந்தது. மருமகள் சிரிக்கவில்லை.

கெடு முடியுமுன்பே அனுப்பினோம். கிடைத்ததென்று பதில் வந்தது. நகல் எடுத்து வைத்தேன்.

ஜூன் 8

துணி மடித்தேன். வேறொன்றுமில்லை.

ஜூன் 10, புதன்

சாப்பிடும்போது மருமகள் கேட்டாள்: “அந்த விதி இல்லேன்னா விட்டிருப்பீங்களா அத்தை?”

விட்டிருப்பேனா? கான்வென்டில் சிஸ்டர் சொல்வார், தெரியாத கேள்விக்கு இடம் விட்டு வை என்று. தட்டைக் கழுவப் போய்விட்டேன்.

ஜூன் 15, திங்கள்

தேர்வானவர்கள் பட்டியல் வந்தது. பல குழுக்களை நீக்கிவிட்டார்கள். நாங்கள் இருக்கிறோம். இறுதிச் சுற்றுக்கு வீடியோவை மாற்றலாமாம். மருமகள் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

அவள் சமையலறைக்குப் போனதும் அந்தப் பழைய போனை எடுத்து அவர் குரலை ஓடவிட்டேன்.

“என்ன, மாத்திரை போட்டாச்சா?”

“இன்னும் இல்ல,” என்றேன். வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

மாத்திரையைப் போட்டுக்கொண்டேன். பிறகு உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். நகல் இது:

‘ஐயா, விதி ஒன்பது குறித்து. குரலுக்கு உரியவர் என் கணவர். காலமாகிவிட்டார். இறுதிச் சுற்றில் அவர் குரலைச் சேர்க்க விரும்புகிறோம். அவர் சார்பில் மனைவியாகிய நான் ஒப்புதல் தரலாமா? தொலைபேசியில் வேண்டாம். தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.’