சட்டைப் பைகளில் கவிதை வைத்தவருக்கு

நோர்வேயின் கட்டாய இராணுவப் பயிற்சியிலிருந்து முதல் விடுமுறையில் வந்த மகள், புருசெத் பகுதியில் உள்ள எங்கள் வீட்டு வாசலில் குந்தியிருந்து இராணுவச் சப்பாத்துகளுக்கு மெழுகு பூசுகிறாள். அந்த வாசத்தில் உள்ளே இருக்க முடியாமல் இரண்டு மூன்று தரம் வெளியே போய் வந்துவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் வந்திருப்பேன்.

வியட்நாம் போரிலிருந்து தப்பி வந்த அமெரிக்கச் சிப்பாய் நீங்கள். மன்னாரில் போருக்குக் கட்டாயமாக ஆள்பிடித்தபோது அஞ்சி ஓடி வந்தவள் நான். நீங்கள் வேலை செய்த சலவைச்சாலையில் நான் சேர்ந்த அன்று, "அப்படியென்றால் நாம் ஒரே படை" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னீர்கள்.

எங்கள் தொழிற்சங்கப் பிரதிநிதி நீங்கள்தான். இடைவேளையில், நீங்களே எழுதி அச்சடித்த கவிதைகளை வாசிப்பீர்கள். பாதி விளங்காது. முதலாளிகளைத் திட்டும் இடம் மட்டும் குரலிலேயே விளங்கும்.

ஒரு பனி மாரியில், போர்ப் பயிற்சிக்கு வந்திருந்த அமெரிக்கப் படையின் சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்து இறங்கின. நீங்கள் தொடமாட்டீர்கள் என்று நினைத்தோம். நீங்களோ தோய்த்தீர்கள், என்றுமில்லாத கவனத்தோடு மடித்தீர்கள். ஒவ்வொரு சட்டைப் பையிலும், வீட்டுக்குப் போக விரும்புவது கோழைத்தனமல்ல என்று தொடங்கும் உங்கள் கவிதையை வைத்தீர்கள்.

முறைப்பாடு வந்தது. மேலாளர் எல்லோர் முன்னாலும் உங்களை அதட்டி, வேலையை விட்டுப் போகச் சொன்னார். எனக்கு அப்போது நிரந்தர வதிவிட அனுமதி கிடைத்திருக்கவில்லை. ஆனாலும் போய் உங்கள் இருவருக்கும் நடுவில் நின்றேன். பதற்றத்தில் வாயில் வந்தது தமிழ்தான்.

"இவர் போனா நானும் போறன்."

மேலாளருக்கு அது விளங்கவில்லை. பின்னால் நின்ற நம் தமிழ்ப் பெண்களுக்கு விளங்கியது. ஒவ்வொருவராக இயந்திரங்களை நிறுத்தினார்கள்.

"உன் அனுமதி போய்விடும், விலகு" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். நான் விலகவில்லை. அடுத்த நாளே உங்களைத் திரும்ப வேலைக்கு எடுத்தார்கள்.

சொந்த ஊரைத் திரும்பப் பார்க்காமலே இந்த மாரியில் கண்ணை மூடிவிட்டீர்கள். நீங்கள் ஓய்வு பெற்றதிலிருந்து சங்கப் பிரதிநிதி நான்தான்.

மகளிடம் கேட்டேன், "அங்கை உன்னை அதட்டுவினமோ?"

"ஓம் அம்மா. பழகிட்டுது. கட்டாயமெண்டாலும் கூடுதலா விருப்பமுள்ள ஆக்களைத்தான் எடுக்கினம். எனக்கு விருப்பம், அதாலைதான் போறன்."

அவளை நான் தடுக்கவில்லை. நீங்களும் தடுத்திருக்கமாட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் நிச்சயமில்லை.

வேலையிடத்தில் யார் யாரை அதட்டினாலும் இன்றும் நடுவில் போய் நின்றுவிடுகிறேன். உங்களால் வந்த பழக்கம். நாளை அவள் வடக்கே முகாமுக்கு ரயில் ஏறுகிறாள். அங்கே அவளுக்கும் அவளை அதட்டுகிறவருக்கும் நடுவில் எனக்கு இடமில்லை.