இறுகாத கொழுப்பு

அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

நானும் பாப்பாவும் சுகம். நீங்கள் சுகமாக இருப்பது கடிதத்திலேயே தெரிகிறது. நான்கு பக்கத்தில் பாப்பாவுக்கு ஒரு வரி, எனக்கு அரை வரி. மீதியெல்லாம் பன்றியும், பண்ணைக்குத் தீவன ஆலோசனை சொல்ல வருகிற மேடமும்தான்.

பன்றி தின்கிற கொழுப்பு அப்படியே அதன் உடம்பில் போய் உட்கார்ந்துவிடும் என்று மேடம் விளக்கினாராம். சோயா எண்ணெய் கலந்தால் கொழுப்பு இளகுமாம், மாட்டுக்கொழுப்பு கலந்தால் இறுகுமாம். நல்ல விளக்கம். எண்ணெய் மலிவாகக் கிடைக்கிறது என்று அதையே ஊற்றவும் சொல்லிவிட்டார். நீங்களும் ஊற்றினீர்கள்.

உங்கள் பண்ணை முத்திரையோடு இந்தக் கறி ஆலைக்கு வரும் வயிற்றுக்கறி, நான் வெட்டுகிற மேஜையில் நிற்பதில்லை. குளிர் அறையில் வைத்து எடுத்தாலும் கொழகொழவென்று வழுக்குகிறது, சீவும்போது கிழிகிறது. கிழிந்தால் வெட்டியவள் குற்றம். ஊற்றச் சொன்னவளை இங்கே எவனும் கேட்பதில்லை. பக்கத்து மேஜை அக்காவைப் போன வாரம் வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்தது நான்தான் என்று மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் சொன்னார். "ஒன் புருஷன் வளத்த பன்னிதானே, நீ சொன்னா கேக்காதா?" என்று நக்கல் வேறு. வளர்த்தவரே கேட்பதில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

மதியம் மேடத்தின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து உங்களுக்கும் ஒரு பங்காம். எண்ணெயே இல்லாத சமையல் என்று புகழ்ந்திருக்கிறீர்கள். பன்றிக்கு ஊற்றச் சொல்லிவிட்டு உங்களுக்கு மட்டும் பத்தியச் சாப்பாடா? என் கையால் தின்று உங்கள் உடம்பு எங்கே கெட்டது?

எண்ணெயை நிறுத்திவிட்டதாகப் போன மாதம் எழுதினீர்கள். அன்றிலிருந்து வருகிற ஒவ்வொரு துண்டையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கிறேன். இன்னும் விரல் உள்ளே போகிறது. தீவனத்தை மாற்றினாலும் கொழுப்பு மாற வாரக்கணக்காகும் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் விரல் அமுங்கும்போதெல்லாம், நீங்கள் வாளியோடு அவள் பக்கத்தில் நின்று தலையாட்டுவதுதான் கண்ணில் தெரிகிறது.

கிழிவது தீவனத்தால்தான், வெட்டுகிறவளால் இல்லை என்று நீங்கள் எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலை தப்பும். மேடத்துக்குச் சிக்கல் வரும். தெரிந்துதான் கேட்கிறேன்.

அதைத் தபாலில் அனுப்ப வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டுவாருங்கள். பாப்பா உங்களைக் கேட்டு அழுகிறாள் என்று எழுத நினைத்தேன். பாப்பா அழவில்லை.

இன்றைக்கும் உங்கள்,
மனைவி